டம்மி லோடுக்கு எந்த எண்ணெய் என்று கேட்டாய்

அரவிந்த்,

நேற்றுச் சாயங்காலம் போனில் நீ இரண்டு கேள்வி கேட்டாய். முதலாவது, "ஒருவழியா அப்பாவுக்கு மனசு வந்துடுச்சா?" அதில் இருந்த கசப்பு எனக்குக் கேட்டது. நான் பதில் சொல்லாமல் இழுத்தேன். உடனே நீ பேச்சை மாற்றி, "சரி விடு, உன் டம்மி லோடுக்குக் கடைசியில எந்த எண்ணெய்தான் ஊத்தின?" என்றாய். அதற்கும் இழுத்தேன். அப்பா எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்கிற பாவனையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டு இரண்டுக்குமே என்னால் பதில் சொல்ல முடியாது. முதல் கேள்விக்கான பதில் இரண்டாவது கேள்விக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அவர் லிஃப்டில் இறங்கிக் காய்கறி வாங்கப் போயிருக்கிறார். வந்துவிட்டால் மூடி வைத்துவிட்டு, மறுபடி சமயம் பார்த்து எழுதுவேன். கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்கு அம்மா எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த மாதம் நீ பௌலமியின் கையைப் பிடிக்கப் போகிறாய். விட்டுக்கொடுத்துப் போ, கோபத்தில் சாப்பிடாமல் படுக்காதே என்றெல்லாம் எழுதலாம்தான். ஆனால் துர்கா பூஜோ நாளிலிருந்து இன்றுவரை நடந்ததை யோசித்துப் பார்த்தால், எது சரி எது தப்பு என்று எனக்கே பிடிபடவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அதில் உனக்கு வேண்டியது ஏதாவது இருந்தால் நீயே எடுத்துக்கொள்.

பூஜோ சப்தமியன்று மத்தியானம் நான் அந்தப் பழைய டிரான்ஸ்மிட்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ரிடையர் ஆனபிறகு நான் ரேடியோ லைசென்ஸ் வாங்கியது உனக்குப் பெருமை, அப்பாவுக்குத் தலைவலி. முப்பது வருஷம் வயர்லெஸ் செக்‌ஷனில் கத்தியது போதாதா என்பார். மைக்கைப் பிடித்து "ஒன், டூ, த்ரீ, டெஸ்டிங்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், வாசல் மணி அடிக்கிறது. மேல் மாடி அண்ணி, மித்ரா பௌதி. விருந்தாளிகளை உட்கார வைத்து அஞ்சலி மந்திரம் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். சவுண்ட் பாக்ஸில் மந்திரத்துக்கு நடுவே என் குரல். "தேவி துர்கா உன் குரல்ல பேசறான்னு எங்க மாமனார் கும்பிட்டுட்டாரு" என்று சிரித்தார். சிரித்தாலும் புகார் புகார்தானே. அன்றைக்கே தீர்மானித்தேன், இனிமேல் ஏரியலை மாட்டிக்கொண்டு டெஸ்ட் செய்யக் கூடாது, டம்மி லோட் ஒன்று கட்டிவிட வேண்டும் என்று.

பௌலமி என்னிடம் அது என்னவென்று கேட்டபோது இப்படித்தான் சொன்னேன்: பேசிப் பார்க்க வேண்டும், ஆனால் யார் காதிலும் விழக் கூடாது. ஏரியல் இருக்கும் இடத்தில் அதை மாட்டினால், செட் அனுப்பும் சக்தி முழுவதையும் அது விழுங்கிவிடும். வெளியே ஒன்றும் போகாது. விழுங்கியதெல்லாம் சூடாகிவிடும். அந்தச் சூட்டைத் தாங்க, ரெசிஸ்டர்களை ஒரு தகர டப்பாவில் எண்ணெய்க்குள் முக்கி வைப்பார்கள். சாந்தினி மார்க்கெட்டில் போய் ரெசிஸ்டர்கள் வாங்கினேன், பெயின்ட் கடையில் புது டப்பா வாங்கினேன், மூடியில் காற்றுப் போக ஓட்டை போட்டேன், சால்டரிங்கும் முடிந்தது. எண்ணெய்தான் மிச்சம். அது பெரிய விஷயமே இல்லை என்று நினைத்தேன்.

சாயங்காலம் செட்டில் எங்கள் ரேடியோ கூட்டத்திடம் கேட்டதுதான் தாமதம், தலை சுற்ற ஆரம்பித்தது. ஒருவர் தேங்காயெண்ணெய் என்றார். டிசம்பரில் அது கட்டியாக உறைந்துபோய் நிற்கும் என்று அவருக்குத் தெரியாதா? இன்னொருவர் சூரியகாந்தி எண்ணெய். அதை ஊற்றினால் நாலு தடவை சூடானதும் பழைய வடைச்சட்டி மாதிரி வீச்சமடித்து, பிசின் பிடிக்கும் என்று மூன்றாமவர் சண்டைக்குப் போனார். ஒருவர் வண்டிக்கு ஊற்றும் என்ஜின் ஆயில். அதில் என்னென்னவோ கலந்திருப்பதால் வேண்டாம் என்று அவருடைய தம்பியே குறுக்கே பேசினார். எல்லாருக்கும் கடைசியாக டாலிகஞ்ச் தேபுதா வந்தார். "தீதி, டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலைத் தவிர வேற எதையும் தொடாதீங்க. என்கிட்ட ஒரு கேன் இருக்கு. நானே கொண்டுவந்து தரேன்." மறுநாளே ஆட்டோவில் கொண்டுவந்து ஊற்றிக்கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். எங்கேயிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஏதோ பழைய சப்ஸ்டேஷனில் கழித்துப் போட்டது என்று அவராகவே சொன்ன ஞாபகம். டம்மி லோட் பிரமாதமாக வேலை செய்தது. மித்ரா பௌதியின் சவுண்ட் பாக்ஸ் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நாளில் டப்பாவில் எண்ணெய் குறைய ஆரம்பித்தது. ஒழுகுகிறதோ என்று அடியில் பேப்பர் விரித்தேன். பேப்பர் காய்ந்து கிடந்தது. சூட்டில் ஆவியாகிறதோ என்று தேபுதாவிடம் கேட்டேன். "அது ஆவியாகற எண்ணெய் இல்ல தீதி, நீங்க அளவைத் தப்பாப் பாத்திருப்பீங்க" என்றார். மூடியைத் திறந்து பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். கோட்டுக்குக் கீழே இறங்கியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நீ வீடியோ காலில் வந்தாய். நான் ஆசையாக டப்பாவைக் காட்டினேன். நீ முதலில் கேட்டது, "எண்ணெய் எங்கேருந்து வந்துச்சு?" சொன்னேன். உன் முகம் மாறியது. "ச்சே அம்மா! பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்ல பிசிபி இருக்கலாம். அது விஷம்மா. தோல் வழியா உள்ள போயிடும், உடம்பை விட்டுப் போகாது. கையால தொட்டியா?" என்று நீ படபடத்தாய். இருக்கலாமா, இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு, "அதுதானே பிரச்சினை, பாத்தா தெரியாது" என்றாய். நீ வைத்தபிறகு நான் விடவில்லை. அங்கே இங்கே தேடிப் படித்தேன். அந்த விஷ எண்ணெய் தண்ணீரைவிடக் கனமாம், தண்ணீரில் மூழ்குமாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு ஒரு சொட்டு விட்டேன். மிதந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. உனக்குப் போன் செய்து சொன்னேன். நீ ரொம்பப் பொறுமையாகத்தான் சொன்னாய்: "அம்மா, நல்ல எண்ணெய்ல கொஞ்சமா அது கலந்திருந்தாலும் மிதக்கத்தான் செய்யும். மூழ்கினா நிச்சயமா கெட்டது. மிதந்தா ஒண்ணும் சொல்ல முடியாது." வந்த உயிர் பாதியில் நின்றது. அந்த டம்ளரை நான் மறுபடி சமையலறைக்குள் விடவே இல்லை.

இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாது.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, அப்பா லேக்கில் நடந்துவிட்டு வந்து இட்லிக்கு உட்கார்ந்தார். சட்னி ஊற்றக் குனிந்தபோது அந்த வாசனை வந்தது. மண்ணெண்ணெயும் இல்லாமல் மெழுகும் இல்லாமல் லேசாக ஒரு வாசனை. என் வேலை மேஜையில் மட்டும் வரக்கூடிய வாசனை. "என்னங்க, வேட்டியில என்ன?" என்றேன். "ஒண்ணுமில்லயே" என்று காலை உள்ளே இழுத்தார். நான் வேட்டியை முழங்கால்வரை தூக்கிவிட்டேன். இரண்டு முழங்காலும் பளபளவென்று மினுங்கின.

"யார் சொன்னது இதைத் தடவச் சொல்லி?"

"லேக்ல கூட நடக்கறவர். அவங்க ஊர்ப் பக்கம் எல்லாரும் தடவறாங்களாம். கரென்ட் எண்ணெய்னு பேரு. வலிக்கு அவ்வளவு நல்லதாம்."

"அது விஷமா இருக்கலாம்னு அரவிந்த் சொன்னானே, காதுல விழலையா?"

"அவன் சொல்லி ரெண்டு நாள்தான் ஆகுது. நான் தடவ ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆகுது." அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றார். மேஜையைப் பிடிக்காமல் எழுந்தார், அதை நான் கவனித்தேன். "இங்க பாரு. வலி குறைஞ்சிருக்கு. நீ கவனிச்சியா?"

கவனித்திருந்தேன். கொஞ்ச நாளாக அவர் நடை நன்றாக ஆகியிருந்தது. குளிர்காலத்தில் வழக்கமாக அதிகமாகிற வலி இந்தத் தடவை அதிகமாகவில்லை. நான் அதற்குச் சந்தோஷப்பட்டதும் உண்டு. இப்போது அந்தச் சந்தோஷத்தை என்ன செய்வது? கத்தினேன். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவ வைத்தேன். வேட்டியைத் தனியாகக் கட்டி வைத்தேன். கத்திக்கொண்டே இருக்கும்போது, இந்த எண்ணெயை வீட்டுக்குள் கொண்டுவந்ததே நான்தானே என்று நடுவில் தோன்றியது. குரல் இறங்கிவிட்டது.

டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். கரியாஹாட் பக்கம் ஒரு பெண் டாக்டர், ரொம்ப நிதானம். அவர் முதலில் கேட்டது, "கோன் தேல்?" என்ன எண்ணெய் என்று கேட்கிறார். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் என்றேன். எந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மர், எந்தக் கம்பெனி, பரிசோதித்தார்களா? தெரியாது, தெரியாது, தெரியாது. லேபில் எண்ணெயைப் பரிசோதித்தால்தான் சொல்ல முடியும், அதைச் செய்யும் லேப் எதுவென்று தனக்கும் தெரியவில்லை என்றார். தோலைப் பார்த்தார், ஈரல் சரியாக இருக்கிறதா என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிசல்ட் நன்றாகத்தான் வந்தது. "அப்படின்னா பயமில்லையா?" என்றேன். "இன்னிக்குப் பயமில்லை. இனிமே தடவாதீங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்" என்றார். அப்பா விடாமல், "வலி எப்படிக் குறைஞ்சது?" என்று கேட்டார். காலையிலும் மாலையிலும் உட்கார்ந்து நீவிவிட்டதே காரணமாக இருக்கலாம், வேறு எண்ணெயாக இருந்தாலும் குறைந்திருக்கலாம், தானாகவே குறைந்திருக்கவும் கூடும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அப்பா, "அந்தம்மாவுக்கும் தெரியல" என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் திருப்தி. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அங்கேயே, மருந்துக் கடை வாசலில், என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "பையன் சிரிப்பான்" என்றார். நீ சிரிக்க மாட்டாய், பயப்படுவாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சரி என்றேன்.

எண்ணெயை நிறுத்திய கொஞ்ச நாளில் வலி திரும்பிவிட்டது. நிஜமாகத் திரும்பியதா, எண்ணெய் இல்லை என்ற எண்ணத்திலேயே திரும்பியதா, அதுவும் எனக்குத் தெரியாது. டாக்டர் சொன்னபடி நல்லெண்ணெய் வைத்து நானே நீவிவிட்டேன். "இது தோசைக்கு ஊத்தற எண்ணெய்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குள் ஆஷிர்பாத் தேதி வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பெண் வீட்டுக்குப் போய்ப் பெண்ணை ஆசீர்வதிப்பது, மாப்பிள்ளை வர வேண்டியதில்லை என்று பௌலமியின் அம்மா விளக்கினார். நீ ஹைதராபாதிலேயே இருந்தாய். கிளம்ப வேண்டிய அன்று காலையில் அப்பா வயிறு சரியில்லை என்று படுத்துக்கொண்டார். நம்பினேன். வேறு நாள் குறித்தார்கள். அன்றைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்றார். தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அப்போது நீ என்னிடம் போனில் கேட்டாய்: "அம்மா, உண்மையைச் சொல்லு. பௌலமி பெங்காலிங்கறதுதான் அப்பாவுக்குப் பிரச்சினையா? முன்னாடி சரின்னு சொன்னது எனக்காகவா?" நான் அப்படியெல்லாம் இல்லை என்றேன். ஆனால் வேறு என்ன என்று எனக்கே தெரியவில்லையே, எப்படி உறுதியாகச் சொல்வேன்? எனக்குள்ளும் அந்தச் சந்தேகம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருந்து, பெங்காலிகளோடு வேலை பார்த்து, அவர்கள் வீட்டு மீனைத் தவிர எல்லாவற்றையும் சாப்பிட்ட மனிதருக்கு இப்போது என்ன வந்தது என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நமக்கு மார்கழி, அவர்களுக்குப் பௌஷ், இரண்டு பேருக்குமே நல்ல காரியம் கூடாது என்று ஒரு மாதம் தானாகப் போனது. அந்த மாதத்தில் ஒருநாள் மொட்டைமாடியில் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். நான் நேராகவே கேட்டேன்.

"உங்களுக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கலையா?"

அவர் நிஜமாகவே திடுக்கிட்டார். "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. ரெண்டு தடவை போகாம இருந்தது நீங்கதானே."

அவர் எதிர்வீட்டுக் கொடியில் காய்கிற துணியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "அவங்க வீடு மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல. முதல் தடவை பேசப் போனப்ப நீ முன்னாடி ஏறிட்டே. நான் எப்படி ஏறினேன்னு நீ பாக்கல. பொண்ணோட அப்பா பின்னாடி வந்து என் முழங்கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டாரு. அந்த மனுஷன் இப்பவும் காலையில பாட்மின்டன் ஆடறாராம். நான் மாப்பிள்ளையோட அப்பா. மறுபடியும் என்னை மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போகணுமா? அதுக்குத்தான் எண்ணெய் தடவினேன். இன்னும் ஒரு மாசம் தடவியிருந்தா நானே ஏறியிருப்பேன்."

என்ன செய்வது, அரவிந்த்? சிரிப்பதா, அழுவதா, மறுபடி கத்துவதா? இந்த மனிதர் தன் கால் வலியை மறைக்க வயிற்றுவலி சொல்கிறார். நீ அங்கே உட்கார்ந்துகொண்டு அப்பாவுக்குப் பௌலமியைப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறாய். அந்தப் பெண் என்ன நினைக்கிறாளோ? இதையும் சொல்லக் கூடாது என்றார் அப்பா. சரி என்று தலையாட்டினேன்.

உனக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ உடனே அவருக்குப் போன் செய்து, "ஆபரேஷன் பண்ணிக்கோங்கப்பா" என்று ஆரம்பிப்பாய், அவர் மூன்றாவது தடவையும் படுத்துக்கொள்வார் என்று பயந்தேன். பதிலாகப் பௌலமிக்குப் போன் செய்தேன். எண்ணெய்க் கதையை விட்டுவிட்டு, முழங்காலையும் மாடிப்படியையும் மட்டும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "ஆச்சா காகிமா" என்றாள். சரி அத்தை என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. போனை வைத்தபிறகு ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். அவளுக்குக் கோபமா, சிரிப்பா? கீழே ஏதாவது கிளப் ஹாலில் வைத்துக்கொள்ளலாம் என்பார்களோ? அப்படிச் சொன்னால் நான்தான் சொல்லியிருக்கிறேன் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே? ஒரு போனும் வரவில்லை. இடம் மாறவில்லை, நேரம் மாறவில்லை.

இதற்கு நடுவே எண்ணெயையும் முடித்தேன். உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எண்ணெயே வேண்டாம், காற்றில் ஆறுகிற மாதிரி ரெடிமேடாக வாங்கிக்கொள் என்று நீ சொன்னாய். தேபுதா புது டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் சீல் உடைக்காத கேனில் வாங்கலாம் என்றார். அதுவும் சரிதான், ஆனால் கடைக்காரர் பீப்பாய்க் கணக்கில்தான் பேசினார். கடைசியில் மருந்துக் கடைக்குப் போய் லிக்விட் பாரஃபின் கேட்டேன். அது வயிறு இளக்கக் கொடுப்பது. என்ன இருக்கிறது என்று பாட்டில் மேலேயே எழுதியிருக்கிறது, மனிதர்கள் விழுங்கலாம் என்றே விற்கிறார்கள். கடைப் பையன் பாட்டில்களை வரிசையாக அடுக்கிவிட்டு, "மாசிமா, வீட்ல யாருக்கு?" என்று கவலையாகக் கேட்டான். ரேடியோவுக்கு என்றேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். புது டப்பா, புது எண்ணெய், விளிம்புவரை ஊற்றாமல் விரிய இடம் விட்டிருக்கிறேன். இதுவும் தீப்பிடிக்கக்கூடிய எண்ணெய்தான் என்பதால் மைக் பட்டனை நீண்ட நேரம் அழுத்தாமல் விட்டு விட்டு டெஸ்ட் செய்கிறேன். இதுதான் சரியா என்று கேட்டால், எல்லாவற்றிலும் சிறந்ததா என்று எனக்குத் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிகிற எண்ணெய் இது ஒன்றுதான். பழைய எண்ணெயை டப்பாவோடு சீல் வைத்து, தொடாதே என்று மூன்று மொழியில் எழுதி, பால்கனி அலமாரியில் பூட்டியிருக்கிறேன். அதை எங்கே கொடுப்பது என்று ஒரு ஆபீசில் கேட்டேன், இன்னொரு ஆபீசைச் சொன்னார்கள். அங்கே கேட்டால் முதல் ஆபீசைச் சொல்கிறார்கள். பழைய சாமான்காரன் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். அவனிடமிருந்து அது யார் முழங்காலுக்குப் போகுமோ என்று நான் தரவில்லை.

இனி முதல் கேள்வி. தை பிறந்ததும் மூன்றாவதாகக் குறித்த நாள் நேற்று. காலையில் அப்பா யாரும் சொல்லாமல் பட்டு வேட்டி எடுத்துக் கட்டினார். பூ, பழம், புடவையோடு டாக்ஸியில் பெஹாலா போனோம். கட்டடத்துக்குள் நுழைந்து, கைப்பிடியைப் பிடித்து, முதல் மாடிக்கு அவர் ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார், நான் முன்னால் போகாமல் பின்னாலேயே நின்றேன். முதல் மாடி வராந்தாவில் இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. ஒன்றில் அந்த மாடி பௌதி உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "போஷுன் தாதா, போஷுன்" என்று பக்கத்து நாற்காலியைத் தட்டினார். உட்காருங்கள் அண்ணா என்கிறார்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "நீ சொன்னியா?" என்று தமிழில் கேட்டார். அவர் இறங்கிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். ஒரு கை கைப்பிடியிலேயே இருந்தது. அந்த பௌதிக்கு எங்கள் தமிழ் புரியவில்லை, முகம் புரிந்த மாதிரியும் காட்டிக்கொள்ளவில்லை. "மேல சமையலுக்கு இது உடனே வேணுமாம், நான் ஒருத்தியா உரிச்சு முடியல. கொஞ்சம் கை கொடுங்க" என்று ஒரு பிடி பட்டாணியை அவர் பக்கம் நீட்டினார். அப்பா உட்கார்ந்தார். பட்டு வேட்டியோடு பட்டாணி உரித்தார். ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ, பௌதி தன் பையனின் பரீட்சையைப் பற்றிச் சொன்னார், அப்பா உன் பரீட்சைகளைப் பற்றிச் சொன்னார்.

இரண்டாவது மாடியில் மறுபடி இரண்டு நாற்காலி. ஒன்றில் மங்கி கேப் போட்ட ஒருவர் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார். "நீங்க மெட்ராஸா? என் மாப்பிள்ளை மெட்ராஸ்லதான். அங்க குளிரே கிடையாதாமே, எப்படி மனுஷன் இருக்கறது?" என்று ஆரம்பித்தார். டீ ஊற்றிக்கொடுத்தார். அப்பா சென்னை வெயிலுக்கு வக்காலத்து வாங்கினார். யாரும் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் அவர் கையைப் பிடிக்கவில்லை. மேலே மூன்றாவது மாடி வாசலில் பௌலமியின் அப்பா நின்றுகொண்டிருந்தார். இறங்கி வரவில்லை, அங்கேயே நின்றார். கடைசிப் படியில் அப்பா தானாகவே காலை வைத்து ஏறியதும்தான் கை கூப்பினார். பௌலமியோ உள்ளே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள், என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நெல்லையும் அருகம்புல்லையும் அப்பா அவள் தலையில் வைத்து ஆசீர்வதித்தார்.

இறங்குவதுதான் முழங்காலுக்கு இன்னும் கஷ்டம். அதனால் அந்த நாற்காலிகள் நாலும் அங்கேயே இருந்தன, மங்கி கேப்காரரும் இருந்தார். கீழே வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டாக்ஸியில் ஏறியதும் அப்பா, "நீ சொல்லியிருக்கக் கூடாது" என்றார். ஆமாம் என்றேன். பெஹாலா தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. ஒருவருக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் இன்னொருவரைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்றால் எதைச் செய்வது? உனக்கும் பௌலமிக்கும் நடுவே அப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. பாலத்தின் மேல் வண்டி ஏறியபோது அவர் என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டாவது மாடிக்காரரோட மாப்பிள்ளை கல்யாணத்தப்ப இங்கதான் இருப்பாராம். அவரையும் கூப்பிடணும். அந்தப் பட்டாணி பௌதி வீட்ல நாலு பேர். ஒருத்தரைக் கூப்பிட்டு ஒருத்தரை விட முடியுமா? பில்டிங் முழுக்கக் கூப்பிடணும் போலருக்கு."

நீ அடிக்கக் கொடுத்திருக்கிற அழைப்பிதழ் போதாது, இன்னும் கொஞ்சம் சேர்த்து அடிக்கச் சொல். இந்தக் கடிதம் கிடைத்ததும் அப்பாவுக்குப் போன் செய். எண்ணெயைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் உனக்கு ஒன்றும் தெரியாது. "யாரையெல்லாம் கூப்பிடணும்பா?" என்று மட்டும் கேள். அவர் மாடி மாடியாகச் சொல்வார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்.

அம்மா